பெயர் மீட்பும் ஆள் மீட்பும்

விளையாட்டு வீரர்களின் ஒப்புதல் நூல்கள் பற்றிய ஓர் இறையியல் திறனாய்வு

செஞ்சிக்கு அருகே தளவானூரில், குன்றைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் அமைத்த கோயில் ஒன்று உண்டு. கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த அக்குடைவரையின் பெயர் சத்ருமல்லேசுவரம். சத்ருமல்லன் என்பது அம்மன்னன் சூடிக்கொண்ட விருதுப் பெயர்களுள் ஒன்று. பகைவரோடு பொரும் மல்லன் என்பது அதன் பொருள். இறைவனுக்கென எடுத்த கோயிலும் மன்னனின் மற்போர்ப் புகழையே பெயராகப் பெற்றது. அவனுக்கு மத்தவிலாசன் என்னும் விருதுப் பெயரும் உண்டு. அப்பெயரோடு இயைந்த ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்னும் வடமொழி நகைச்சுவை நாடகத்தை இயற்றியவனும் அவனே. அந்நாடகத்தில், காஞ்சி மாநகரின் கள்ளுக்கடையிலிருந்து வரும் காபாலிகன் ஒருவன் தன் கபாலப் பாத்திரத்தைக் காணாது தேடுகிறான். மது மயக்கத்தில் அதைத் தவறவிட்டவன் தானே என்பதை மறந்து, வழியே வந்த பௌத்தத் துறவியைத் திருடன் என்று பற்றிக்கொண்டு வழக்காடுகிறான். பாத்திரத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய் என்பது பின்னரே தெரியவருகிறது.

புகழைக் கல்லிற் பொறித்து நிலைநிறுத்துவது ஒன்று. மயக்கத்தில் தான் இழந்ததற்குப் பிறரைக் குற்றஞ்சாட்டுவது மற்றொன்று. இவ்விரண்டையும் நம் காலத்து நூல்வகை ஒன்றில் சேர்த்தே காண்கிறோம். மது, போதைப்பொருள், சூது, பண ஆசை ஆகியவற்றில் வீழ்ந்த புகழ்பெற்ற விளையாட்டு வீரர், தாம் வீழ்ந்ததையும் எழுந்ததையும் தேர்ந்த எழுத்தாளர் ஒருவரின் துணையோடு எழுதி வெளியிடும் தன்வரலாறே அது. அத்தகைய நூல்கள் சிலவற்றை இறையியல் நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கு இதில் என்ன வேலை?

இந்நூல்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. பாவம், ஒப்புதல், மனந்திரும்புதல், கிருபை, புதுவாழ்வு என்னும் நம் சொற்களையே அவை எடுத்தாளுகின்றன. அவற்றின் நிகழ்ச்சிகள் நம் பிரசங்கங்களில் உவமைகளாக வருகின்றன. இளைஞர் கூட்டங்களில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகின்றன. ஆகவே அச்சொற்கள் அங்கே எப்பொருளில் வழங்குகின்றன என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு.

இக்கேள்வியை அவசரமாக்கும் மற்றொரு காரணமும் உண்டு. 2023 மே மாதத்தில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 ஜூனில், 2019 வரை இதே மாவட்டத்தின் பகுதியாயிருந்த கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தவருள் பெரும்பாலோர் கூலி வேலை செய்தவர்கள். இவர்களுள் எவரும் தன்வரலாறு எழுதவில்லை. இத்தகைய ஊர்களில் ஊழியஞ்செய்யும் போதகர், குடியினின்று மீள்வதைப் பற்றி எந்த நூலிலிருந்து கற்கப் போகிறார் என்பது ஏட்டளவிலான வினா அன்று.

மூல நூலும் ஒரு பந்தாட்டக்காரரும்

மீட்பு நூல்களுக்கெல்லாம் தாய்நூல் என்று கருதத்தக்கது, 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’. பெயர் வெளியிடாக் குடிநோயாளிகள் என்பது அதன் பொருள். 1935இல் ஒகையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் ஒரு பங்கு வணிகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்ததில் பிறந்தது அவ்வியக்கம். லுத்தரன் போதகரான பிராங்க் புக்மன் தொடங்கிய ஆக்ஸ்போர்டு குழுவின் பழக்கங்களான தன்னாய்வு, அறிக்கையிடுதல், ஈடுசெய்தல் ஆகியவை அதன் பன்னிரு படிகளுக்கு அடிப்படையாயின. ஆகவே அவை நம் புராட்டஸ்தாந்து மரபினின்று வெளியே சென்று வளர்ந்தவை எனலாம். இந்தியாவில் 1957 முதல் இவ்வியக்கம் செயற்பட்டு வருகிறது.

படிகளின் வரிசை கருதத்தக்கது. மதுவின் முன் தான் வலுவற்றவன் என்று ஏற்பது முதற்படி. நான்காம் படியில் ஒருவன் அஞ்சாது தன்னை ஆராய்கிறான். ஐந்தாம் படியில் தன் தவறுகளின் தன்மையைக் கடவுளிடமும், தன்னிடமும், மற்றொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்கிறான். எட்டாம் படியில் தன்னால் தீங்குற்ற அனைவரையும் பட்டியலிடுகிறான். ஒன்பதாம் படியில், மேலும் தீங்கு நேரக்கூடிய இடங்களை நீக்கி, அவர்களுக்கு நேரில் ஈடுசெய்கிறான். செய்தியைப் பிறருக்குக் கொண்டுசெல்வது பன்னிரண்டாம் படியிலேயே வருகிறது.

இவ்வியக்கத்தின் பெயரை நாடறியச் செய்தவர் ஒரு விளையாட்டு வீரர். கிளீவ்லாந்து பேஸ்பால் குழுவில் பந்து பிடிப்பவரான ராலி ஹெம்ஸ்லி, குடியால் பல குழுக்களில் நற்பெயரை இழந்தவர். 1940 ஏப்ரலில் பாப் ஃபெல்லர் என்னும் வீரர் எதிரணிக்கு ஓர் அடியும் கொடாது பந்தெறிந்து வரலாறு படைத்த ஆட்டத்தில் பந்து பிடித்தவர் இவரே. அவ்வேளையில், தாம் குடியை விட்டதற்கு ஏ.ஏ. இயக்கமே காரணம் என்று இவர் நிருபர்களிடம் கூறினார். இவர் பெயரும் படமும் நாடெங்கும் அச்சாயின. இயக்கத்தை நாடி வந்தோர் பெருகினர். இயக்கத்தைத் தோற்றுவித்தவருள் ஒருவரான பில், இதைக் கண்டு தாமும் பத்திரிகைகளுக்குப் பேட்டியும் படமும் கொடுக்கத் தொடங்கினார். பிறருக்கு நன்மை செய்வதாக எண்ணிக்கொண்டு தம் புகழாசைக்கே இரைபோட்டதைப் பின்னாளில் அவரே எழுதி வைத்தார். பெயர் வெளியிடாமையே தம் மரபுகள் அனைத்துக்கும் ஆவிக்குரிய அடித்தளம் என்னும் முடிவுக்கு இயக்கம் வந்தது இத்தகைய அனுபவங்களினாலேயே. 1950இல் அதே கிளீவ்லாந்து நகரில் கூடிய மாநாடு அம்மரபுகளை ஏற்றது. 1953இல் ‘பன்னிரு படிகளும் பன்னிரு மரபுகளும்’ என்னும் நூல் அவற்றை விளக்கியது.

ஹெம்ஸ்லி பொய் சொல்லவில்லை. அவர் சொன்னதால் பலர் பயனும் அடைந்தனர். எனினும், குடியிலிருந்து மீள்வது புகழை மீட்கும் வழியாகிவிட்டால், புகழே அடுத்த மதுவாகும் என்பதை அவ்வியக்கத்தார் கண்டுகொண்டனர். விளையாட்டு வீரர்களின் ஒப்புதல் நூல்களை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

மூன்று நூல்கள்

இங்கிலாந்துக் கால்பந்தாட்டக் குழுவுக்கும் ஆர்செனல் குழுவுக்கும் தலைவராயிருந்த டோனி ஆடம்ஸ், 1998இல் ‘அடிக்டட்’ என்னும் நூலை வெளியிட்டார். மது அருந்தி வண்டியோட்டியதற்காக 1990இல் சிறை சென்றவர் இவர். 1996 செப்டம்பரில் தம் குழுவினரைக் கூட்டித் தாம் குடிநோயாளி என்பதை அறிவித்தார். நூலின் சிறப்பு, களத்து வெற்றிகளும் குடியின் கேவலங்களும் ஒரே காலத்தில் நிகழ்ந்தவை என்பதை மறையாது காட்டுவதாகும். நாட்டுக்குழுவின் தலைமைப் பட்டையை அணிந்த கையே வெறியில் நடுங்கிய கையும் என்று வாசகர் உணர்கிறார். எழுதியதோடு அவர் நிற்கவுமில்லை. 2000ஆம் ஆண்டில், போதைக்கு அடிமையான விளையாட்டு வீரர்களுக்கென ‘ஸ்போர்ட்டிங் சான்ஸ்’ என்னும் சிகிச்சை நிலையத்தை நிறுவினார். பெயர் அவருக்குத் திரும்பக் கிடைத்தது உண்மை. அப்பெயரைப் பிறருக்குக் கதவாக்கினார் என்பதும் உண்மை. இவ்வகை நூல்களுள் இது மேலானது என்பதில் ஐயமில்லை.

டென்னிஸ் வீரர் ஆண்ட்ரே அகாசியின் ‘ஓப்பன்’ 2009இல் வந்தது. 1997இல் மெத் என்னும் போதைப்பொருளைத் தாம் உட்கொண்டதையும், சோதனையில் அகப்பட்டபோது உதவியாளரின் பானத்தைத் தெரியாமல் குடித்துவிட்டதாக டென்னிஸ் அமைப்புக்குப் பொய்க்கடிதம் எழுதியதையும், அமைப்பு அதை நம்பி வழக்கை முடித்ததையும் அந்நூலில் அவரே கூறுகிறார். நடை அழகாலும் தன்னை மறையாது காட்டும் துணிவாலும் அது புகழப்பட்டது. அதை எழுத உதவிய மோரிங்கர் என்பார், அட்டையில் தம் பெயர் வேண்டா என்று விலகிக்கொண்டார். ஆனால், ஒப்புதல் வந்த காலத்தை நாம் நோக்க வேண்டும். அகாசி ஓய்வு பெற்றது 2006இல். பட்டங்கள் பறிபோகும் காலமும் தண்டனைக்குரிய காலமும் கடந்தபின், உண்மை சொல்வதால் இழப்பு சிறிதாகவும் பயன் பெரிதாகவும் அமைந்த வேளையில் உண்மை வெளிப்பட்டது. காலந்தாழ்ந்து வந்த உண்மையும் உண்மையே. ஆயினும் எரேமியாவைப் போலவோ ஸ்தேவானைப் போலவோ விலை கொடுத்துச் சொன்ன உண்மையோடு அதை ஒன்றாக எண்ணலாகாது.

மூன்றாவது நூல் நம் சென்னையைத் தொடுகிறது. பாகிஸ்தான் கிரிக்கெட் குழுவின் முன்னாள் தலைவர் வாசிம் அக்ரம், கிடியன் ஹேய் என்னும் எழுத்தாளரோடு எழுதிய ‘சுல்தான்’ 2022இல் வெளிவந்தது. ஓய்வுக்குப் பின் கொக்கைன் பழக்கத்துக்கு அடிமையானதை அவர் அதில் ஒப்புக்கொள்கிறார். அதைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்பியவர் உளவியல் கற்ற அவருடைய மனைவி ஹூமா. 2009 அக்டோபரில், நோயுற்ற ஹூமாவைச் சிங்கப்பூருக்குக் கொண்டுசென்ற மருத்துவ விமானம் எரிபொருளுக்காகச் சென்னையில் இறங்கியது. இந்திய விசா இல்லாத அவர்களை விமான நிலையத்தார் தடுக்காது மருத்துவமனைக்கு அனுப்பியதை அக்ரம் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். ஹூமா சென்னையிலேயே காலமானார். அவருடைய மரணமே தம்மை அப்பழக்கத்தினின்று விடுவித்தது என்றும், அதன்பின் தாம் அதைத் தொடவில்லை என்றும் அக்ரம் எழுதுகிறார்.

அவருடைய துயரத்தின் உண்மையை ஐயுறுவதற்கு நமக்கு உரிமை இல்லை. ஆயினும் திறனாய்வாளர் இரண்டு கேள்விகளை எழுப்பியே ஆகவேண்டும். முதலாவது, இவ்வகை நூல்களில் மனைவியரின் இடம் யாது? பொறுத்தல், கண்டறிதல், சிகிச்சைக்கு அனுப்புதல், இறுதியில் மரித்தல் ஆகிய அனைத்தும் கணவனின் மீட்புக் கதைக்குள் அடங்கிவிடுகின்றன. அவர் பட்டதை அவர் வாயால் நாம் கேட்பதில்லை. இரண்டாவது, எது எளிதாக ஒப்புக்கொள்ளப்படுகிறது? 2000ஆம் ஆண்டில் வெளியான நீதிபதி கய்யூம் ஆணைய அறிக்கை, ஆட்டச் சூது பற்றிய குற்றச்சாட்டில் அக்ரமைக் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. எனினும் மூன்று லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கவும் தலைமைப் பொறுப்பினின்று நீக்கவும் பரிந்துரைத்தது. அக்குற்றச்சாட்டை அக்ரம் மறுத்தே வந்துள்ளார். எது உண்மை என்று தீர்ப்பிடுவது நம் வேலையன்று. ஆனால் போதைப் பழக்கம் நோய் என்று ஏற்கப்பட்ட காலத்தில், அதைச் சொல்பவர்மேல் இரக்கம் பிறக்கிறது என்பதையும், ஆட்டத்தை விற்றதாக ஒருவர் சொன்னால் அவ்விரக்கம் பிறப்பதில்லை என்பதையும் வாசகர் அறிவர். நோயின் மொழி பெயரைக் காக்கும். குற்றத்தின் மொழி பெயரை அழிக்கும். ஆகவே குற்றத்தையும் நோயின் மொழியிலே சொல்லும் சோதனை எழுகிறது.

சாத்தானின் மேல் சுமத்திய பாரம்

அச்சோதனைக்கு ஆட்பட்டவர் நம் திருச்சபை மரபைச் சேர்ந்த ஒருவரே. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் குழுவின் தலைவர் ஹான்சி குரோனியே, மறுபிறப்படைந்த கிறிஸ்தவராக அறியப்பட்டவர். இந்நிலையில் இயேசு என்ன செய்வார் என்று கேட்கும் எழுத்துகள் பொறித்த கைப்பட்டையை அணிந்தவர். 2000 ஏப்ரல் 7ஆம் நாள் தில்லிக் காவல்துறை அவர்மேல் ஆட்டச் சூதுக் குற்றம் சாட்டியது. முதலில் முற்றிலும் மறுத்தார். நான்கு நாள்களுக்குப் பின் அதிகாலையில் தம் கிரிக்கெட் வாரியத்தின் நிர்வாக இயக்குநர் அலி பாக்கரைத் தொலைபேசியில் அழைத்து, தாம் முழு உண்மை கூறவில்லை என்றார். ஜூன் மாதத்தில் நீதிபதி கிங் ஆணையத்தின்முன் படித்த வாக்குமூலத்தில், பலவீனமான வேளையில் சாத்தான் தம்மை ஆட்டிவைக்க இடங்கொடுத்துவிட்டதாகக் கூறினார். தம் பண ஆசையை மதுப் பழக்கத்தோடும் ஒப்பிட்டுப் பேசினார். அக்டோபரில் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. 2002 ஜூன் 1ஆம் நாள் விமான விபத்தில், 32 வயதில் இறந்தார்.

அவர் மறைவுக்குப் பின், குடும்பத்தாரின் இசைவோடு கார்த் கிங் எழுதிய வாழ்க்கை வரலாறு 2005இல் வந்தது. அவர் அண்ணன் தயாரித்த திரைப்படம் 2008இல் வந்தது. இரண்டும் மன்னிப்பையும் மீட்பையும் மையமாகக் கொண்டு கிறிஸ்தவர்களிடையே பரவின. விழுந்தவனைத் தூக்கிவிடும் அன்பு அவற்றில் உண்டு. மாண்ட தம்பியின் பெயருக்காக அண்ணன் பரிந்து நிற்பதைப் பழிக்கவும் இயலாது. ஆனால் அவற்றின் மீட்புக் கதையில் இருவர் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றனர். அவர்கள் ஹெர்ஷல் கிப்சும் ஹென்றி வில்லியம்சும். 2000 மார்ச்சில் நாகபுரியில் நடந்த ஆட்டத்தில் குறைவாக ஆடுமாறு குழுத்தலைவரே அவ்விருவருக்கும் தலா 15,000 டாலர் பேரம் பேசினார். இருவரும் நிறவெறி ஆட்சியில் கலப்பினத்தவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்திலிருந்து குழுவுக்குள் வந்தவர்கள். வெள்ளையரான தலைவரின் சொல்லைத் தட்டுவது அவர்களுக்கு எத்துணைக் கடினம் என்பதை, சாதிக் கட்டமைப்பை அறிந்த நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. கிப்சு சொன்னபடி செய்யாது 74 ஓட்டம் எடுத்தார். ஆயினும் இருவரும் ஆறு மாதத் தடையும் அபராதமும் பெற்றனர்.

ஆண்டவர் மன்னித்தார் என்று சொல்வது குரோனியேக்கு ஆறுதல். அவர் இழுத்துவிட்ட இருவருக்கு அதில் என்ன உண்டு? சாத்தானைச் சுட்டும்போது ஏதேன் தோட்டத்தின் பழைய சாக்கே திரும்ப ஒலிக்கிறது. ஏவாள் சர்ப்பத்தைச் சுட்டினாள். ஆதாம் ஏவாளையும், அவளைத் தந்த கடவுளையுமே சுட்டினான். சாத்தானைப் பற்றிய போதனை மறையில் உண்டு. ஆனால் அது மனிதனின் பொறுப்பைக் குறைப்பதற்காகத் தரப்பட்டதன்று.

எட்டாம் படியும் ஒன்பதாம் படியும்

இந்நூல்களை ஒருங்கே நோக்கின் ஒரு குறை தெளிவாகிறது. அவை முதற்படியில் அழகாகத் தொடங்குகின்றன. ஐந்தாம் படியை ஒரு மனிதரிடம் செய்யாது லட்சம் வாசகரிடம் செய்கின்றன. அங்கிருந்து பன்னிரண்டாம் படிக்குத் தாவி உலகுக்குச் செய்தி சொல்கின்றன. தீங்குற்றவரின் பட்டியலும் அவர்களுக்குரிய ஈடும் அடங்கிய எட்டும் ஒன்பதும் பெரும்பாலும் ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடுகின்றன. பெயரை மீட்பதற்கு அவ்விரு படிகள் தேவையில்லை; ஆளை மீட்பதற்கோ அவையின்றி வழியில்லை.

வேதம் இதை நன்கு அறியும். தாவீதின் வரலாற்றில் 2 சாமுவேல் 11ஆம் அதிகாரம், ஓர் அரசன் தன் பெயரைக் காக்கச் செய்த சூழ்ச்சிகளின் பட்டியலே. உரியாவைப் போர்க்களத்தினின்று அழைப்பித்தல், அவனைக் குடிக்கச் செய்தல், கடைசியில் அவன் கையிலேயே அவன் சாவுக்கான கடிதத்தைக் கொடுத்தனுப்புதல் என அது நீளுகிறது. இங்கே மதுவும் பெயரைக் காக்கும் கருவியாயிற்று என்பது கவனிக்கத்தக்கது. நாத்தான் வந்து, ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசி, தீங்குற்றவனை அரசனின் கண்முன் நிறுத்திய பின்னரே மனந்திரும்புதல் பிறந்தது. 51ஆம் சங்கீதத்தில் பாவம் கடவுள் ஒருவருக்கே விரோதமானது என்னும் கருத்து வருகிறது. அதைத் தனியே எடுத்து ஓதுவோர், அச்சங்கீதத்தின் தலைப்பில் பத்சேபாளின் பெயர் நிற்பதை மறத்தல் கூடாது. சங்கீதத்தைத் தொகுத்தோர், தீங்குற்றவளின் பெயரை நீக்கிவிட்டு அரசனின் ஒப்புதலை மட்டும் பாட நம்மை விடவில்லை.

லூக்கா 19இல் சகேயு தன் உணர்ச்சிகளை விவரிக்கவில்லை. பாதிச் சொத்தை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய் உரியவர்களுக்கும் தருவதாகக் கணக்குச் சொல்கிறான். அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததென்று ஆண்டவர் அறிவித்தது அதன் பின்னரே. ஈடு செய்ததால் இரட்சிப்பு வந்ததென்று நாம் கொள்வதில்லை. இரட்சிப்பு வந்த வீட்டில் ஈடும் நிகழும் என்றே கொள்கிறோம். விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்னும் நம் சீர்திருத்தப் போதனை இங்கே கூர்மையாகப் பொருந்துகிறது. தன் பெயரைத் தானே நியாயப்படுத்திக்கொள்ளும் தேவையினின்று மனிதனை விடுவிப்பதே அப்போதனை. கிறிஸ்துவில் பெயர் பெற்றவன், ஊரார்முன் பெயரிழக்க அஞ்சவேண்டியதில்லை. ஆகவே அவன் தீங்குற்றவரை நேரே நோக்கவும், கடனைத் தீர்க்கவும் துணிவான்.

மூல ஏ.ஏ. நூல் வெளிவந்த அதே 1939இல், ஜெர்மனியில் டீட்ரிக் போன்ஹோஃபரின் கூட்டு வாழ்வு பற்றிய சிறு நூலும் வெளிவந்தது. பாவ அறிக்கையைச் சகோதரன் ஒருவனிடம் செய்யுமாறு அது கற்பிக்கிறது. ஒன்றையொன்று அறியாத இரு நூல்களும் ஒரே ஆண்டில், கூட்டத்தின்முன் அன்று, தன் முகம் நோக்கும் ஒருவர்முன் உண்மை பேசுமாறு மனிதனை அழைத்தன.

மறுப்பு ஒன்று

இவ்வளவு கடுமை வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். புகழ்பெற்றவர் வாய்திறப்பதால் பலர் வெட்கம் நீங்கிச் சிகிச்சை நாடுகின்றனர் அல்லவா? இது நியாயமான வாதம். குடிநோயை ஒழுக்கக்கேடு என்று மட்டும் கண்டு ஒதுக்கிய சமூகத்தில், இந்நூல்கள் நன்மை செய்துள்ளன. ஆனால் பெயரைப் பயன்படுத்துவதிலும் இருவகை உண்டு என்பதை நம் தமிழகத்து எடுத்துக்காட்டே விளக்கும்.

டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரனான டி.டி. ரங்கநாதன் குடிநோயால் 1979இல் இளம்வயதிலேயே காலமானார். சென்னையில் பெயர்பெற்ற அக்குடும்பம், இறப்பின் காரணத்தை மறைத்திருக்கலாம். அவருடைய துணைவியார் சாந்தி ரங்கநாதன் அமெரிக்காவில் பயிற்சி பெற்று வந்து, 1980இல் குடிநோய்ச் சிகிச்சைக்கென ஓர் அறக்கட்டளையை நிறுவி, அதற்குக் கணவரின் பெயரையே இட்டார். டி.டி.கே. மருத்துவமனை என்று பலர் அறிந்தது அதுவே. மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கும் அச்சிகிச்சை முகாம்களாகச் சென்றது. அங்கே குடும்பமும் ஊரும் நோயாளியோடு சேர்த்தே கருதப்பட்டன. இங்கே மீண்டவர் தம் பெயரை உயர்த்திக்கொள்ளவில்லை. மீளாது மறைந்தவரின் பெயர் பிறர் மீளும் இடத்தின் வாயிலில் எழுதப்பட்டது. அதை எழுதியவர், பாதிக்கப்பட்ட மனைவியே. விளையாட்டு நூல்களில் பேசாது நிற்கும் மனைவியரின் குரல் இங்கே செயலாயிற்று.

விற்பனையாகும் பெயர்

தனிமனிதரை மட்டும் குறை கூறுவதும் நேர்மையன்று. விளையாட்டு வீரனின் பெயர் இன்று ஒரு சரக்கு. 2008இல் இந்தியன் பிரீமியர் லீக் தொடங்கியபோது, பெங்களூர்க் குழுவின் பெயர் ஒரு விஸ்கியின் வணிகப் பெயரை ஒட்டியே வைக்கப்பட்டது. 2023 முதல் இந்தியக் குழுவின் சட்டையில், பணம் கட்டிக் கற்பனைக் குழு அமைத்து ஆடும் நிறுவனமொன்றின் பெயர் இருந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்த பின்னரே அது நீங்கிற்று. நம் மாநிலத்திலோ 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்துகிறது. பழக்கத்தை விற்பதற்கு வீரனின் பெயரை வாங்கும் சந்தையே, அவன் வீழ்ந்தபின் எழுந்த கதையையும் வாங்குகிறது. இந்நூல்கள் வீரனின் உள்ளத்தை ஆராயும் அளவுக்கு இச்சந்தையை ஆராய்வதில்லை. தீர்க்கதரிசன மரபில் வந்த திறனாய்வு இதைச் சொல்லாது விடலாகாது.

நம் சாட்சி மேடை

இறுதியாக இக்கேள்வி நம்மையே நோக்கித் திரும்புகிறது. நம் நற்செய்திக் கூட்டங்களில், முன்னாள் குடிகாரர், முன்னாள் நடிகர், முன்னாள் விளையாட்டு வீரர் ஆகியோரைச் சாட்சி சொல்ல அழைத்துச் சுவரொட்டியில் பெயர் போடுகிறோம். சில மாதங்கள் குடியாதிருந்தவரை மேடையேற்றுகிறோம். அவர் மீண்டும் விழும்போது, சபையின் பெயர் கெட்டதென்று மௌனமாகிறோம். ஆக்ஸ்போர்டு குழுவினர் பிரபலங்களை முன்னிறுத்திய வழக்கமே, அவர்களை விட்டுக் குடிநோயாளிகள் பிரியக் காரணங்களுள் ஒன்றாயிற்று என்பதை நாம் மறந்தோம்.

ஆகவே சபைப் பொறுப்பில் உள்ளோரும், அப்பணிக்கு ஆயத்தமாகும் மாணவரும் சிலவற்றைச் சிந்திக்கலாம். மீண்டுவரும் ஒருவரைச் சாட்சி கூற அழைக்குமுன், அவர் வீட்டாரிடம் தனியே சென்று கேட்பது தகும். மனைவி இன்னும் அஞ்சி வாழ்ந்தால், அடகு வைத்த நகை இன்னும் மீளவில்லையானால், மேடைக்கு வேளை வரவில்லை. ஆலயக் கூடத்தை ஏ.ஏ. கூட்டங்களுக்கும், 1951இல் தோன்றிய அல்-அனான் என்னும் குடும்பத்தார் கூட்டங்களுக்கும் திறந்துவிடுவது தகும். அங்கே வருவோரின் பெயரைக் குருவானவரும் வெளியிடக்கூடாது. சிற்றூரில் யார் குடிப்பவர் என்பது எல்லாருக்கும் தெரியுமே, அங்கே பெயர் வெளியிடாமைக்கு என்ன பொருள் என்று கேட்பர். ஊரறிந்த பெயரை மறைப்பது அதன் நோக்கமன்று. அப்பெயரைக் கொண்டு எவரும், நோயாளியோ சபையோ போதகரோ, புகழ் தேடாதிருப்பதே அதன் நோக்கம்.

பவுல் அப்போஸ்தலன் 1 கொரிந்தியர் 9இல் பந்தயச் சாலையில் ஓடுவோரை எடுத்துக்காட்டுகிறார். அவர்கள் இச்சையடக்கத்தோடு பயின்று பெறுவது வாடிப்போகும் மாலை. அவ்வதிகாரத்தின் கடைசி வசனத்தில் அவருடைய அச்சம் தம் பெயர் கெடும் என்பதன்று. பிறருக்குப் பிரசங்கித்த தாமே தகாதவராய்ப் போகலாகாது என்பதே. மீட்பு நூல்களைப் படிக்கும் ஊழியர், அவ்வச்சத்தோடு படிப்பாராக. ஒவ்வொரு நூலிலும், எழுதியவர் எவ்வளவு உயர எழுந்தார் என்பதோடு, அவரால் விழுந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்றும் கேட்பாராக.